இரவுப் பணியில் யார் தலைவர்? சிறு, நடுத்தர மருத்துவமனைகள் முன்னுள்ள நான்கு வழிகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் தொடங்கிப் புதுச்சேரி கோரிமேடு வரையிலான வட்டாரத்தில், நூறு படுக்கைகளை ஒட்டிய அறக்கட்டளை மருத்துவமனைகளும் தனியார் மருத்துவமனைகளும் பல உள்ளன. இவற்றின் நிர்வாகக் குழுக்கள் ஆண்டு வரவு செலவைப் பேச உட்காரும்போது, புதிய ஸ்கேன் கருவி வாங்குவதா, லிஃப்டை மாற்றுவதா என்பதைப் பல மணி நேரம் விவாதிக்கின்றன. ஆட்களை வழிநடத்தும் திறனை எப்படி வளர்ப்பது என்ற கேள்விக்குக் கடைசிப் பக்கத்தில் 'பயிற்சி' என்று ஒரு சிறு தொகையை எழுதி முடித்துவிடுகின்றன. அந்தச் சிறு தொகையை எதில் செலவிட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள். செவிலியர் கண்காணிப்பாளராகப் பல ஆண்டுகள் பணிபுரிந்துவிட்டு, இப்போது இத்தகைய குழுக்களில் ஆலோசனை சொல்லும் இடத்தில் இருப்பவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

குழுக்களின் முன் பொதுவாக வைக்கப்படும் யோசனைகள் நான்கு. முதலாவது, மூத்த மருத்துவர் ஒருவரையோ நிர்வாகி ஒருவரையோ மருத்துவமனை மேலாண்மைப் படிப்புக்கு அனுப்புவது. இரண்டாவது, வெளியிலிருந்து தொழில்முறை நிர்வாக அதிகாரி ஒருவரை நல்ல சம்பளத்தில் அமர்த்துவது. மூன்றாவது, எல்லா ஊழியர்களும் மாதம் ஒருமுறை கூடி, வேலையின் மனச்சுமையைப் பற்றிப் பேசுவதற்கு ஓர் ஏற்பாடு செய்வது. நான்காவது, வார்டுப் பொறுப்பில் இருக்கும் இன்சார்ஜ் சிஸ்டர்களுக்கு நேரமும் வழிகாட்டியும் கொடுத்து, மருத்துவமனைக்கு உள்ளேயே தலைவர்களை வளர்ப்பது. கையில் ஒன்றுக்கு மட்டுமே பணம் இருந்தால் நான்காவதையே எடுக்க வேண்டும் என்பது என் முடிவு. அதற்கான காரணங்களையும், மற்ற மூன்றும் எந்த இடத்தில் உண்மையாகவே பயன்படும் என்பதையும் கீழே விளக்குகிறேன்.

முதலில், பரிவுள்ள தலைமை என்றால் என்ன என்பதில் ஒரு தெளிவு வேண்டும். பல குழுக்களில் இதைக் கேட்டவுடன், 'கண்டிப்பு போய்விடுமே, வேலை நடக்காதே' என்ற அச்சம் எழுகிறது. இங்கிலாந்தின் பொது மருத்துவ சேவையை நெடுங்காலம் ஆராய்ந்த மைக்கேல் வெஸ்ட், பரிவுள்ள தலைமையை நான்கு செயல்களாகப் பிரித்துக் காட்டுகிறார்: கவனம் கொடுத்துக் கேட்பது, நிலைமையின் காரணத்தைப் புரிந்துகொள்வது, அடுத்தவரின் வருத்தத்தை உணர்வது, பிறகு உதவுவது. கடைசிச் செயல் இல்லாவிட்டால் முதல் மூன்றும் வெறும் ஆறுதல் வார்த்தைகளாகவே நின்றுவிடும்.

எந்த மருத்துவமனையிலும் நடக்கக்கூடிய ஓர் இரவை எடுத்துக்கொள்வோம். பொது மருத்துவ வார்டில் சர்க்கரை நோயுள்ள ஒரு பாட்டிக்கு, வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களே ஆன செவிலியர், வழக்கமான நேரத்தில் இன்சுலின் போட்டுவிடுகிறார். பாட்டி இன்னும் சாப்பிடவில்லை என்பது அவருக்குத் தெரியாது. சற்று நேரத்தில் பாட்டிக்கு உடல் வியர்த்து, பேச்சு குழறுகிறது. டூட்டி டாக்டரை அழைத்து குளுக்கோஸ் ஏற்றியபின், அந்தப் பெண் நடுங்கும் குரலில் இன்சார்ஜ் சிஸ்டருக்குப் போன் செய்கிறார்: "அக்கா, சாப்பிட்டாங்களான்னு கேக்காம இன்சுலின் போட்டுட்டேன்." மறுமுனையில் இருப்பவர் கேட்கும் முதல் கேள்வி "பாட்டி இப்ப எப்படிம்மா இருக்காங்க, சுகர் எவ்வளவு?" என்பதாக இருந்தால், அந்த வார்டில் ஒரு தலைவர் இருக்கிறார். "கால் மணிக்கு ஒருதடவை சுகர் பாத்து எழுதிட்டே இரு. காலையில ரிப்போர்ட்ட நானும் கூட இருந்து எழுதுறேன்" என்று அவர் சொல்லி, மறுநாள் அந்த வார்டிலேயே நின்று பார்த்தால், இரவு டிபன் வண்டி கடைசிக் கட்டிலுக்கு வந்துசேர இன்சுலின் நேரத்துக்குப் பிறகு ஒரு மணி நேரம் ஆகிறது என்ற உண்மை வெளியே வரும். வண்டி வார்டு வாசலுக்கு வந்தபின்தான் இன்சுலின் போடுவது என்று மாற்றிவிட்டால், அடுத்த பாட்டிக்கு அந்த ஆபத்து வராது. "யாரைக் கேட்டுப் போட்ட? நாளைக்கு மெமோ வாங்கிக்கோ" என்று போன் வைக்கப்பட்டிருந்தால், டிபன் வண்டி அதே நேரத்தில்தான் வந்துகொண்டிருக்கும், அடுத்த முறை தவறு நடக்கும்போது போன் வராது. இந்த நிகழ்வில் பரிவையும் செயல்திறனையும் தனித்தனியாகப் பிரித்தெடுக்க முடியுமா என்று குழு உறுப்பினர்கள் யோசித்துப் பார்க்க வேண்டும்.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஏமி எட்மண்ட்சன் இதை ஆய்வாகவே காட்டியிருக்கிறார். மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளைப் பற்றி 1996-இல் அவர் வெளியிட்ட ஆய்வில், நன்றாக வழிநடத்தப்படும் செவிலியர் குழுக்களிலிருந்து அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. அங்குள்ளவர்கள் அஞ்சாமல் தவறைச் சொன்னதே அதற்குக் காரணம் என்று அவர் விளக்கினார். மாத அறிக்கையில் 'தவறுகள் பூஜ்யம்' என்று எழுதி மகிழும் மருத்துவமனைகள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இனி ஒவ்வொரு வழியாகப் பார்ப்போம். படிப்புக்கு அனுப்பும் வழி எல்லாருக்கும் தெரிந்தது. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தொலைநிலையில் நடத்தும் மருத்துவமனை, சுகாதார மேலாண்மைப் பட்டயம் முதல் சில நாள் பட்டறைகள் வரை பல வகைப் படிப்புகள் இருக்கின்றன. நிதி அறிக்கையைப் படிக்கவும், மருந்துக் கிடங்கைக் கணக்கோடு வைத்துக்கொள்ளவும், மருத்துவக் கழிவு விதிகளையும் தொழிலாளர் சட்டங்களையும் அறிந்துகொள்ளவும் இவை பெரிதும் உதவும். இந்த அறிவு இல்லாத நல்ல மனமுள்ள நிர்வாகம், சம்பளத் தேதியில் தடுமாறி, எல்லாருடைய நிம்மதியையும் கெடுத்துவிடும். ஆனால் நோயாளியின் கட்டிலருகே ஒருவர் இன்னொருவரிடம் நடந்துகொள்ளும் முறையைப் படிப்பு மாற்றும் என்று எதிர்பார்ப்பது மிகை. நாடு முழுவதும் 2019-ஆம் ஆண்டு சேர்ந்த மாணவர்கள் முதல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் மனப்பான்மை, அறநெறி, தகவல்தொடர்பு ஆகியவை தனிப்பகுதியாகக் கற்பிக்கப்படுகின்றன. வரவேற்கத்தக்க மாற்றம் அது. என்றாலும், வகுப்பில் அதைப் படித்த மாணவர், ரவுண்ட்ஸில் தலைமை மருத்துவர் ஒரு செவிலியரை நோயாளியின் முன்னே அதட்டுவதைப் பார்த்தால், அந்த இரண்டில் எதை மனத்தில் வைத்துக்கொள்வார் என்பது மருத்துவமனையில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

இந்த வழியில் இன்னொரு சிக்கலும் உண்டு. படிப்புக்குத் தேர்ந்தெடுக்கப்படுபவர் பெரும்பாலும் ஆண் நிர்வாகியாகவோ அறங்காவலரின் உறவினராகவோ இருக்கிறார். இருபது செவிலியரை நாள்தோறும் வழிநடத்தும் இன்சார்ஜ் சிஸ்டரின் பெயர் அந்தப் பட்டியலில் வருவதே இல்லை. பட்டயம் பெற்றவர் சென்னைக்குப் போய்விட்டால் செலவழித்த பணமும் அவரோடு போய்விடுகிறது.

வெளியிலிருந்து நிர்வாக அதிகாரியை அமர்த்தும் வழியைச் சுருக்கமாகவே பேசலாம். காப்பீட்டு நிறுவனங்களிடம் நிலுவையில் கிடக்கும் தொகைகள், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கான ஆவணங்கள், கொள்முதலில் நடக்கும் கசிவு ஆகியவை ஒரு மருத்துவமனையை மூழ்கடிக்கும் அளவுக்கு வளர்ந்திருந்தால், இதுவே முதல் தேவை. டிஸ்சார்ஜ் என்று காலையில் சொல்லிவிட்டு மாலை வரை பில்லுக்காக நோயாளியைக் காக்கவைப்பதும் பரிவின்மைதான். திறமையான நிர்வாகி அதைச் சில வாரங்களில் சரிசெய்துவிடுவார். ஆனால் எண்ணில் வருவதை மட்டுமே பார்க்கும் தலைமை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இங்கிலாந்தின் மிட் ஸ்டாஃபோர்ட்ஷயர் மருத்துவமனை நிகழ்வு ஒரு கடுமையான பாடம். அங்கே நிர்வாகக் குழு நிதிநிலையிலும் இலக்குகளிலும் கண்ணாக இருந்து, செவிலியர் எண்ணிக்கையைக் குறைத்தது. தண்ணீர்கூடக் கைக்கெட்டாமல் நோயாளிகள் கிடந்ததை உறவினர்கள் எடுத்துச்சொன்ன புகார்கள் காதில் ஏறவில்லை. ராபர்ட் ஃபிரான்சிஸ் தலைமையில் நடந்த பொது விசாரணையின் அறிக்கை 2013 பிப்ரவரியில் 290 பரிந்துரைகளோடு வெளிவந்தது. அந்த நிர்வாகக் குழுவிடம் மேலாண்மைச் சொற்களுக்குப் பஞ்சம் இருந்திருக்காது. வார்டில் நடப்பது அவர்களை எட்டுவதற்கான வழிதான் அடைபட்டிருந்தது.

மூன்றாவது வழி அமெரிக்காவின் பாஸ்டனில் தோன்றியது. மருத்துவத் துறைச் சட்ட வழக்கறிஞராக இருந்த கென்னத் ஷ்வார்ட்ஸ் நுரையீரல் புற்றுநோயால் 1995-இல் இறந்தார். சிகிச்சையின்போது தன்னைக் கவனித்தவர்களின் சிறு சிறு அன்புச் செயல்கள் எவ்வளவு தாங்குதலாக இருந்தன என்பதை உணர்ந்த அவர், அதை வளர்ப்பதற்காகவே ஓர் அமைப்பைத் தொடங்கினார். அவ்வமைப்பு வளர்த்தெடுத்த 'ஷ்வார்ட்ஸ் ரவுண்ட்ஸ்' என்ற கூட்டத்தில், மருத்துவர் முதல் உதவியாளர் வரை எல்லாரும் ஒரு மணி நேரம் கூடுகிறார்கள். மூன்று நான்கு பேர் தங்களைப் பாதித்த ஒரு நோயாளியைப் பற்றிப் பேச, மற்றவர்கள் தொடர்கிறார்கள். சிகிச்சையின் சரி தவறு அங்கே பேசப்படுவதில்லை. அந்த வேலை மனத்தில் விட்டுச்சென்றது மட்டுமே பேசப்படுகிறது. செலவு மிகக் குறைவு. டீயும் பன்னும் போதும்.

இதை நான் மனதார மதிக்கிறேன். குழந்தை இறந்துபோன இரவுக்கு மறுநாள் காலை, அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் அடுத்த டூட்டிக்கு வரும் செவிலியர்களைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஆயினும் நம் ஊர் மருத்துவமனையில் இதை முதல் படியாக வைப்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. பெரிய டாக்டர் முன்வரிசையில் அமர்ந்திருக்க, ஒப்பந்த நிறுவனம் வழியாக வேலைக்கு வந்த ஆயாம்மா எழுந்து தன் மனத்தில் உள்ளதைப் பேசுவார் என்று எதிர்பார்க்க, பதவியும் சாதியும் சம்பளமும் போட்டுவைத்த அடுக்குகள் இடம் தருவதில்லை. பல இடங்களில் அவருக்கு அழைப்பே போவதில்லை. மேலும், கூட்டத்தில் வெளிப்படும் குறையைத் தீர்க்கும் அதிகாரம் வார்டில் யாருக்கும் இல்லையென்றால், சில மாதங்களில் 'பேசி என்ன ஆகப்போகிறது' என்ற சலிப்பு வந்துவிடும். நான்காவது வழி ஓரளவு வேர்பிடித்தபின் இதைத் தொடங்கினால் நிலைக்கும்.

நான்காவது வழிக்கு வருகிறேன். கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் பேருந்தில் போகிறவர்கள் நாள்தோறும் கடந்து செல்லும் ஒரு சான்று தவளக்குப்பத்தில் இருக்கிறது. மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 2003-இல் அங்கே தன் கிளையைத் திறந்தது. பள்ளிப் படிப்பை முடித்த கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து, இரண்டாண்டு தன் இடத்திலேயே பயிற்சி கொடுத்து, அவர்களையே மருத்துவமனையின் பெரும்பகுதி வேலைக்குப் பொறுப்பாக்கியது அந்நிறுவனத்தின் முறை. அங்கே பெருந்தொகையான நோயாளிகளுக்குக் குறைந்த செலவில் அறுவை சிகிச்சை நடப்பதற்கு அந்தப் பெண்களின் திறமை ஒரு முக்கியக் காரணம். கண் சிகிச்சை ஒரே மாதிரியான வேலை, பொது மருத்துவமனை அப்படியல்ல என்ற மறுப்பில் நியாயம் உண்டு. இருந்தாலும், தலைமையை வெளியே தேடாமல் உள்ளே விதைக்கலாம் என்பதற்கு நம் சாலையோரத்திலேயே சான்று இருக்கும்போது, அதைப் பார்க்காமல் போவது சரியாகாது.

செலவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு மருத்துவமனையில் ஆறு வார்டுகள், ஆறு இன்சார்ஜ்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரையும் வாரத்தில் ஒரு ஷிஃப்ட் மட்டும் நோயாளிகளை நேரடியாகக் கவனிக்கும் வேலையிலிருந்து விடுவித்தால், வாரத்துக்கு ஆறு ஷிஃப்ட்கள் ஈடுசெய்யப்பட வேண்டும். வாரம் ஆறு நாள் வேலை செய்யும் ஒரே ஒரு கூடுதல் செவிலியரின் சம்பளம் அதற்குப் போதும். ஆறு தலைவர்களை வளர்ப்பதற்கான முதன்மைச் செலவு அவ்வளவுதான். இந்த நேரம் இல்லாமல் இன்சார்ஜ்களுக்கு எத்தனை வகுப்பு எடுத்தாலும் பயன் இராது. டிரிப் மாற்றுவது, மருந்தும் பொருளும் கேட்டு இண்டென்ட் எழுதுவது, உறவினருக்குப் பதில் சொல்வது, லிஃப்ட் ஓடாததற்குத் திட்டு வாங்குவது எல்லாவற்றையும் ஒருவரே செய்துகொண்டிருக்கும்போது, புதிய செவிலியரின் முகவாட்டத்தைக் கவனிக்க அவருக்கு எங்கே நேரம் இருக்கும்?

அந்த ஒரு ஷிஃப்டில் அவர் என்ன செய்ய வேண்டும்? டூட்டி மாறும்போது நோயாளிகளின் பொறுப்பைக் கைமாற்றும் 'ஓவர்' எடுக்கும்போதும் கொடுக்கும்போதும் கட்டிலருகே நிற்க வேண்டும். மேசையில் உட்கார்ந்து கேஸ் ஷீட்டை மட்டும் பார்த்துச் சொல்லும் ஓவரில், பாட்டி சாப்பிட்டாரா என்பது விட்டுப்போகும். நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை என்ற வரிசையில் மருத்துவரிடம் போனில் சொல்லும் முறையை இளைய செவிலியரோடு பேசிப் பழக வேண்டும். அமெரிக்கக் கடற்படையிலிருந்து மருத்துவத்துக்கு வந்த முறை அது. நள்ளிரவில் தூக்கத்திலிருக்கும் பெரிய டாக்டரை எழுப்பத் தயங்கும் பெண்ணுக்கு, 'இதை இப்படிச் சொல்லலாம்' என்ற துணிவை அது தருகிறது. உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலும் இத்தகையதே. கத்தி வைக்கும் முன் அறையில் இருக்கும் ஒவ்வொருவரும் தன் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும் என்பது அதில் ஓர் அம்சம். டெல்லி உள்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் அந்தப் பட்டியலைப் பின்பற்றியபோது, இறப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 விழுக்காடாகக் குறைந்ததாக 2009-இல் முடிவுகள் வெளிவந்தன. பெயர் தெரிந்த ஒருவர் 'சார், ஒரு நிமிஷம்' என்று சொல்வது எளிது.

டூட்டி அட்டவணை போடுவதும் இந்த நேரத்துக்குரிய வேலைதான். பரிவுள்ள தலைமை வெளிப்படும் முதல் ஆவணமாகவே நான் அதைக் கருதுகிறேன். இரவு 8 மணிக்கு முடிய வேண்டிய டூட்டி, ஓவர் இழுத்துக்கொண்டு எட்டே முக்கால் ஆனால், நெல்லிக்குப்பத்துக்கும் பண்ருட்டிக்கும் குறிஞ்சிப்பாடிக்கும் போக வேண்டிய பெண்கள் பேருந்து நிலையத்தில் எந்த நேரத்தில் நின்றுகொண்டிருப்பார்கள் என்பதை அட்டவணை போடுகிறவர் அறிந்திருக்க வேண்டும். பொங்கலுக்கு யாருக்கு விடுப்பு, தொடர்ந்து எத்தனை இரவுகள் ஒருவருக்கு விழுகின்றன, கைக்குழந்தைக்காரிக்கு எந்த ஷிஃப்ட் என்பவற்றை ஒளிவுமறைவின்றி ஒட்டிவைக்கும் இன்சார்ஜை ஊழியர்கள் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை இருக்கும் இடத்தில் கண்டிப்பும் எடுபடும்.

நேரத்தோடு வழிகாட்டி ஒருவரும் தேவை. ஜிப்மரிலும் அரசு மருத்துவமனைகளிலும் பணியாற்றி ஓய்வுபெற்ற செவிலியர் கண்காணிப்பாளர்கள் இந்த வட்டாரத்தில் வசிக்கிறார்கள். அவர்களில் பொறுமையுள்ள ஒருவரை மாதம் இரு முறை வரவழைத்து, இன்சார்ஜ்களோடு தனித்தனியே உட்காரச் செய்யலாம். அவர் யாருக்கும் மதிப்பெண் போடக் கூடாது. சம்பள உயர்வுக் கோப்பு அவர் கண்ணில் படவே கூடாது. அப்போதுதான் 'அந்தப் பொண்ணோட எனக்கு ஒத்தே வரல மேடம்' என்ற உண்மை அவரிடம் வரும்.

இந்த வழியின் குறைகளை மறைக்க விரும்பவில்லை. பலன் தெரிய ஓராண்டாவது ஆகும். உள்ளேயே வளர்ப்பதில், பழைய கடுமையும் சேர்ந்தே வளரும் ஆபத்து இருக்கிறது. 'எங்க காலத்துல அழுதுக்கிட்டேதான் வேலை கத்துக்கிட்டோம்' என்று பெருமையோடு சொல்பவர் வழிகாட்டியாக வந்துவிட்டால், ஒரு தலைமுறையின் காயம் அடுத்த தலைமுறைக்கு ஒழுங்கு என்ற பெயரில் போய்ச்சேரும். எனவே வழிகாட்டியைத் தேர்ந்தெடுப்பதில்தான் குழு அதிக நேரம் செலவிட வேண்டும். இன்னொன்று, செவிலியர்கள் நிலைப்பதில்லை. தமிழ்நாடு அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் அறிவிப்பு வந்தாலோ, வளைகுடா நாடுகளில் வாய்ப்புக் கிடைத்தாலோ, பயிற்சி பெற்றவர் போய்விடுவார். போவதில் தவறும் இல்லை. ஆனால் ஒருவரை மட்டும் படிக்கவைத்து அனுப்பியபின் அவர் விலகுவதால் வரும் இழப்பும், ஆறு பேரில் ஒருவர் விலகுவதால் வரும் இழப்பும் சமமல்ல. மீதி ஐவரோடு அந்த வேலைமுறையும் வார்டிலேயே இருக்கும்.

மருத்துவர்களைத் தவிர்த்துவிட்டு இதைச் செய்ய முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். இன்சார்ஜ் ஓராண்டு கட்டிய நம்பிக்கையை, ரவுண்ட்ஸில் பறக்கும் ஒரு கேஸ் ஷீட் கலைத்துவிடும். ஆகவே துறைத் தலைவர்களான மருத்துவர்களும், நோயாளி முன்னிலையில் யாரையும் அதட்டுவதில்லை, தவறு நடந்தால் மூன்று நாள்களுக்குள் காரணத்தை ஆராயாமல் மெமோ இல்லை என்ற இரண்டு விதிகளிலாவது கையொப்பமிட வேண்டும். வருமானம் கொண்டுவரும் மூத்த மருத்துவரிடம் இதைச் சொல்லும் துணிவு நிர்வாகக் குழுவின் தலைவருக்கு இருக்கிறதா என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. அந்தத் துணிவு இல்லாத மருத்துவமனைக்கு நான் நான்காவது வழியைப் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே பணத்தைப் பில்லிங் பிரிவைச் சீராக்கச் செலவிடுவது நோயாளிகளுக்கு அதிக நன்மை தரும்.

நம் கடற்கரைக்கே உரிய காரணம் ஒன்றும் உண்டு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூரைச் சூறையாடியது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. இத்தகைய நாள்களில் மின்சாரம் போய், சாலையில் தண்ணீர் நின்று, நிர்வாக அதிகாரியும் மூத்த மருத்துவரும் வந்துசேர முடியாத நிலையில், எந்த நோயாளியை எங்கே மாற்றுவது, ஜெனரேட்டர் டீசலை எதற்கு முதலில் கொடுப்பது, டூட்டி மாற்ற ஆள் வராத பெண்களுக்கு எப்போது ஓய்வு என்பவற்றை முடிவுசெய்பவர் வார்டில் இருக்கும் இன்சார்ஜ்தான். அந்த அதிகாரத்தையும் பழக்கத்தையும் அவருக்கு முன்கூட்டியே கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

தொடங்க நினைக்கும் குழுவுக்கு என் யோசனை இது. ஆறு வார்டிலும் ஒரே நேரத்தில் இறங்காமல், பொது மருத்துவ வார்டிலும் பிரசவ வார்டிலும் மட்டும் ஜூன் மாதம் தொடங்குங்கள். வடகிழக்குப் பருவமழையும் காய்ச்சல் நோயாளிகளின் கூட்டமும் வருவதற்குள் நான்கு மாதம் கிடைக்கும். அந்த மாதங்களில் பதிவாகும் தவறுகளின் எண்ணிக்கை கூடினால் கலங்க வேண்டாம். இளைய செவிலியர்கள் இரவில் எத்தனை முறை உதவி கேட்டு அழைத்தார்கள், ஓவர் எத்தனை மணிக்கு முடிந்தது, எத்தனை பேர் ராஜினாமா கடிதம் கொடுத்தார்கள், உறவினர்களின் புகார்கள் எதைப் பற்றி இருந்தன என்ற நான்கையும் எழுதிவைத்து, தொடங்கும் முன்பிருந்த நிலையோடு ஒப்பிடுங்கள். மாதக் கூட்டத்தை அடுத்த ஆண்டுக்கும், படிப்புக்கு அனுப்புவதை இந்த இன்சார்ஜ்களில் ஒருவர் தானே வந்து கேட்கும் நாளுக்கும் ஒத்திவைக்கலாம். இந்த முறை கூட்டத்தில் கையெழுத்தாக வேண்டியது கூடுதல் செவிலியர் ஒருவரின் பணி நியமன ஆணை. பயிற்சி அட்டவணையை அவர் வேலையில் சேர்ந்தபின் எழுதிக்கொள்ளலாம்.